சிலேட்டில் டிசம்பர்

ஜவ்வாது மலையில் பன்னிரண்டு கற்களை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை அடித்து, கறுப்பு பெயின்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்ட கற்கள். ஒவ்வொரு கல்லுக்கு மேலேயும் காமிராவை நிறுத்தி எதிரே இருக்கிற மலைச்சரிவைப் படம் எடுக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து அதே கல்லுக்குப் போய் அதே சரிவை இன்னொரு தரம் எடுக்க வேண்டும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காடு வளர்கிறதா தேய்கிறதா என்று தெரிந்துவிடுமாம். நல்ல யோசனைதான். யோசித்தவர்கள் யாரும் மலை ஏறவில்லை, ஏறியது நான்.

என் பெயர் வடிவேலு. போளூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காது குத்து, ரேஷன் ஆபீசுக்குக் குடும்பப் படம், எப்போதாவது ஒரு சாவு. துணி போர்த்தி எடுக்கிற பழைய மரக் காமிராவை இன்னும் விற்காமல் வைத்திருந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். பெரிய பிலிமில் எடுத்தால்தான் மரம் மரமாகத் தெரியும் என்று 1973-ல் மலைக் கணக்கெடுப்புக்காரர்கள் என்னைத் தேடி வந்து பிடித்தார்கள். காமிராவை அப்போதே விற்றிருக்கலாம்.

டைப் அடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ், அதே மாதம். மாதம் டிசம்பர். காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். கல்லுக்குப் பத்தடி முன்னால் ஒரு சிலேட்டை வைத்து, அதில் கல்லின் எண், மாதம், வருஷம் மூன்றையும் எழுதிப் படத்துக்குள் வருகிற மாதிரி எடுக்க வேண்டும். ஆளோ ஆடு மாடோ தெரியக் கூடாது. கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்க மாட்டார்கள். இதே மலையில் காவலூரில் நட்சத்திரத்தைப் படம் எடுக்கிறவர்கள் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எடுக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற மலையை எடுக்க நான் பதினெட்டுக் கிலோ பெட்டியோடு ஏற வேண்டியிருந்தது.

ஏழாம் கல்லுக்குப் போனபோதுதான் கருப்பனைப் பார்த்தேன். ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. கல் ஒரு மேட்டில் இருந்தது. கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்ச் சரிவில் அவருடைய நிலம், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சாமையை அறுத்து முடித்திருந்தார்கள். அதோடு ஊடாக விதைத்த துவரை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். அந்தக் காமிராவின் கண்ணாடியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். வானம் கீழே, மலை மேலே, நடுவில் துவரைக்குள் இரண்டு பேர் தலைகீழாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கருப்பன். இன்னொருத்தி அவர் மனைவி பச்சையம்மா, தலையில் கூடையோடு.

தலையை வெளியே எடுத்துக் கையை வீசினேன். "ஓரமாப் போங்க. ஆள் தெரியக் கூடாது."

"எங்க நெலங்க இது" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் கருப்பன்.

"உன் நிலம்தான், யார் இல்லைன்னா? படம் எடுக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போ."

போனார்கள். நிலத்துக்குப் பின்னால் இருந்த புளியமரத்தின் மறைவில் போய் நின்றார்கள். நான் எடுத்தேன். படம் எடுக்கிறவன் கையை வீசினால் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள், இதை நான் முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர்கள் நகராமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

முடித்து இறங்கும்போது பச்சையம்மா வேகவைத்த துவரங்காயைத் தேக்கிலையில் கொண்டுவந்து கொடுத்தாள். உப்புப் போட்டு வேகவைத்த பச்சைக் காய். உரித்துத் தின்றுகொண்டே வந்தேன். அதனால் அந்தச் சரிவில் நின்றது துவரைதான் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. நாக்குக்கே தெரியும்.

படத்தில்தான் தெரியவில்லை. பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக, அடர்த்தியாக ஏதோ நின்றது. பக்கத்தில் இருந்த காட்டுப் புதருக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளையில் துவரையும் புதர்தான். ஆள் ஒருவர் நின்றிருந்தால் அளவு தெரிந்திருக்கும், தலையில் கூடை தெரிந்திருக்கும். அன்றைக்கு அதைப் பற்றி எனக்கென்ன கவலை? சுத்தமான படம் என்று பாராட்டினார்கள்.

அடுத்த முறை 1978 டிசம்பரில் போயிருக்க வேண்டும். கார்த்திகை முழுக்க மழை விடவில்லை. மார்கழியில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி வீங்கியது. தை பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது, ஒரு நாளைக்கு இரண்டு கல்யாணம். சொன்ன காரணம் எல்லாம் நிஜம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மலையை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு 1979 மார்ச்சில் போனேன். தனியாகப் போனதால் கேட்க ஆள் இல்லை.

ஏழாம் கல்லுக்குப் போனால் எதிர்ச் சரிவு மொட்டையாகக் கிடந்தது. துவரையை எப்போதோ அறுத்து, கட்டையைப் பிடுங்கி, சருகைக் குவித்து எரித்திருந்தார்கள். கருப்பன் புளியமரத்தின் மேல் நின்று கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். பச்சையம்மா கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கருப்பன் இறங்கி வந்தார்.

"மார்கழியில வருவீங்கன்னு பாத்தோம். இன்னாங்க இவ்ளோ லேட்டு?"

"வேலை" என்றேன்.

"நெலம் இப்ப மொட்டையா கீதே, பரவால்லீங்களா?"

"நான் மலையைத்தானே எடுக்கிறேன், உன் நிலத்தையா எடுக்கிறேன்?" என்றேன். வெயிலில் ஏறி வந்த எரிச்சல்.

சிலேட்டை எடுத்தேன். மார்ச் என்று எழுதினால் ஆபீசில் படத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த டிசம்பரில் மறுபடியும் ஏறு என்பார்கள். பன்னிரண்டு கல்லும் மறுபடி. நான் 'ஏழு, டிசம்பர் 1978' என்று எழுதினேன். கருப்பனுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்திலேயே நின்று, காற்றில் சிலேட்டு சாயாமல் இருக்க அடியில் ஒரு கல்லை வைத்து முட்டுக் கொடுத்தார். அப்புறம் நான் சொல்லாமலேயே பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். போன தடவை சொன்னதை மறக்கவில்லை.

வரும்போது பச்சையம்மா ஒரு பை நிறையக் கொட்டை எடுத்த புளி கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, கை வாங்கிக்கொண்டது. அந்த வருஷம் பூராவும் எங்கள் வீட்டில் அந்தப் புளிதான்.

1980-ல், கோடை ஆரம்பத்தில், ஆபீசிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மலையில் புதிதாகக் காட்டை அழித்து நிலமாக்கியவர்களை வெளியேற்றி, அந்த இடங்களில் மரம் நடப் போகிறார்களாம். எது புதிது, எது பழையது என்பதற்கு என் படங்களைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். முதல் படத்தில் நிலமாக இருந்தால் அது அவர்களுக்கே. முதல் படத்தில் காடாக இருந்து இரண்டாம் படத்தில் நிலமானால், அது பிடுங்கப்படும். என் பன்னிரண்டு கற்களில் பதினோரு கல்லுக்குச் சண்டை இல்லை. ஏழாம் கல்லுக்கு மட்டும் கருப்பன் வந்திருந்தார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. பச்சையம்மாவும் வந்திருந்தாள்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர். இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. மேஜையில் என் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் அடர்ந்த புதர். வலது பக்கம் மொட்டை. சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அப்படிப் பார்த்தால் கருப்பன் காட்டை அழித்ததை என்னாலேயே மறுக்க முடியாது.

"இது காடு இல்லீங்க, தொவர" என்றார் கருப்பன், இடது படத்தைத் தொடாமல் விரலை மட்டும் காட்டி. "எங்க அப்பா காலத்துல இருந்து வெதைக்கிறோம்."

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியலையேப்பா. ரெண்டுமே டிசம்பர் படம். துவரைன்னா ரெண்டாவதுலயும் இருந்திருக்கணுமே?"

கருப்பன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது படம் மார்கழியில எடுத்தது இல்லீங்க. புளி உலுக்கற மாசத்துல எடுத்தது. இவரு வந்தப்ப நான் மரத்து மேல இருந்தேன். எங்க வூட்டுப் புளிய இவருதான் பையில எடுத்துனு போனாரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, அத்தனை நேரம் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் ஏழாம் கல் மட்டும் போகாது, பன்னிரண்டு படமும் பொய்யாகிவிடும். பொய்த் தேதி போட்டவன் என்று பேர் வரும். போளூரில் கோர்ட்டுக்கும் போலீசுக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறவன் நான், அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? இதெல்லாம் மனதில் ஓடியது. கருப்பனின் இரண்டு ஏக்கரும் ஓடியது. அதுவும் ஓடின பிறகுதான் நான் சொன்னேன்.

"டிசம்பர்தாங்க. சிலேட்டிலேயே இருக்குதே."

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் கருப்பனின் கையைத் தொட்டு, "வாங்க போலாம்" என்றாள். அவ்வளவுதான். வெளியே போய் மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் பின்பக்க வழியாகப் போனேன்.

1983 டிசம்பரில் மூன்றாவது தடவை. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தக் காமிரா வேறு யாரிடமும் இல்லை, பழைய படத்தோடு பொருந்தாது என்றார்கள். நாற்பத்தேழு வயசு, இடது முட்டி மடங்காது. பெட்டி தூக்க ஆள் தருகிறோம், ஏழாம் கல் பக்கத்திலேயே கூலிக்கு இருக்கிற ஆள்தான், வழி தெரிந்தவன் என்றார்கள். யாராக இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஜீப் நின்ற இடத்தில் கருப்பன்தான் காத்திருந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். தலையில் சும்மாடு சுற்றிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். என் முட்டியைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். இரண்டு மணி நேர நடை. ஒரே ஒரு தடவை, ஓடைக்கு முன்னால் இளைப்பாற நின்றபோது, நான் கேட்டேன்.

"பச்சையம்மா எப்படி இருக்காங்க?"

"கணியம்பாடிப் பக்கம் நாத்து நட போய்க்கீது. மாசத்துக்கு ஒரு வாட்டி வரும்."

"நீங்க?"

"இங்கதான். மரத்துக்குக் காவல்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆடு மாடு உள்ள பூந்துடாம பாத்துக்கணும்."

ஏழாம் கல்லுக்கு வந்தோம். எதிர்ச் சரிவு முழுக்கத் தைலமரம். மூன்று வருஷத்தில் இரண்டு ஆள் உயரம். வரிசை வரிசையாக, ஒரே அளவாக. புளியமரம் மட்டும் அதே இடத்தில் தனியாக நின்றது. முக்காலியை நிறுத்தினேன். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மலையுச்சிப் பிளவும் ஓடைப் பாறையும் ஒரே கோட்டில் வருகிற வரைக்கும் காமிராவை நகர்த்தினேன். வந்தது. துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் மலை தலைகீழாக, மயிரிழை பிசகாமல் பொருந்தி இருந்தது. மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. காடு, மொட்டை, மறுபடியும் காடு. அழிந்த காட்டை மீட்டோம் என்று கீழே எழுதிக் கண்காட்சியில் மாட்டுவார்கள். அதற்கு என் படத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சிலேட்டில் எழுதினேன். கருப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த வாட்டி இன்னா மாசம் போட்டீங்க?"

கேலி இல்லை, கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"டிசம்பர்" என்றேன்.

ஓடையைத் தாண்டி அவருடைய பழைய புளியமரத்தைப் பார்த்தார். அத்தனை தூரத்திலிருந்தும் அவருக்குக் காய் தெரிந்திருக்கும். "ஆமா. பச்சையாத்தான் கீது" என்றார். "டிசம்பர்தான்."

என் வார்த்தையை மரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் நம்பினார். மூன்று வருஷமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த சமாதானங்கள் எல்லாம் அந்த ஒரு பார்வையில் போய்விட்டன. வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து அழுதிருப்பேன், உட்கார்ந்தால் முட்டியால் எழுந்திருக்க முடியாது.

சிலேட்டை மறுபடி கையில் எடுத்தேன். எழுதியிருந்ததை அழித்துவிட்டு, இடம் விட்டுச் சின்ன எழுத்தில் மறுபடி எழுதினேன். அதன் கீழே எழுத எனக்கு நேரம் பிடித்தது. சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

"இன்னாங்க இவ்ளோ எழுதறீங்க?"

படித்துக் காட்டினேன். "ஏழு, டிசம்பர் 1983. இதற்கு முந்தின படம் 1979 மார்ச்சில் எடுத்தது. டிசம்பர் என்று போட்டது என் பொய். முதல் படத்தில் இருப்பது கருப்பன் விதைத்த துவரை. வடிவேலு."

காற்றில் தைல வாடை வந்தது. கருப்பன் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியாத எழுத்துத்தான், ஆனாலும் ஒவ்வொரு வரியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"இப்ப எழுதி இன்னா ஆவும்?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று வருஷ மரத்தை வெட்டிவிட்டு யாரும் துவரை போட விடப் போவதில்லை. நிலம் திரும்பி வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு பொய் போதும். இந்தப் படம் அந்த வரிசையை விட்டுப் போகாது, அதை எடுத்துவிட்டால் கணக்கெடுப்பே பாதியில் நிற்கும் என்பது மட்டும் தெரியும். எனக்கு அடுத்த முறை அழைப்பு வராது என்பதும் தெரியும். அதில் வருத்தம் இல்லை.

சிலேட்டு காற்றில் ஆடியது. "நீங்களே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க கருப்பன்" என்றேன். "நீங்களும் படத்துல இருக்கணும்."

அவர் சிலேட்டை வாங்கிக்கொண்டு பத்தடி முன்னால் இருந்த ஒரு பாறைக்குப் போனார். சாய்த்து வைத்து, அடியில் ஒரு கல்லைத் தேடி எடுத்து முட்டுக் கொடுத்தார். ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் விலகி நடந்தார்.

"நில்லுங்கன்னு சொன்னேனே" என்று கூப்பிட்டேன்.

"வேணாங்க. ஆளு தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே" என்றார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. என் பின்னால் வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மணி பத்தாகப் போகிற நேரம். துணிக்குள் தலையை விட்டேன், எடுத்தேன். படம் நன்றாக வந்தது. சிலேட்டில் ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஆள் யாரும் இல்லை.